பரந்த ஒளியும் திரண்ட ஒளியும்

1887-ல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முழு வானத்தையும் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து, விண்மீன்களின் இடத்தை அளந்து பட்டியலிடுவது திட்டம். பெயர் 'கார்ட் து சியெல்'. ஒரே ஆய்வகம் செய்து முடிக்கிற வேலை இல்லை என்பதால் வானத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, ஆய்வகத்துக்கு ஒரு பட்டை என்று கொடுத்தார்கள். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 பாகையிலிருந்து 23 பாகை வரையுள்ள பட்டை முதலில் சிலி நாட்டு சாந்தியாகோவின் பங்கு. அங்கே வேலை நகரவில்லை. சுற்றிச் சுற்றி அந்தப் பங்கு ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது.

அதை வாங்கிக்கொள்ளும் தகுதி ஹைதராபாத்துக்கு வந்தது ஒரு பிரபுவின் பித்தால். நவாப் ஸஃபர் ஜங் 1901-ல் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல க்ரப் தொலைநோக்கியை வரவழைத்து, பிசல் பண்டாவில் இருந்த தன் எஸ்டேட்டில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். ஆறாவது நிஜாமைச் சிறப்பித்து அதற்கு நிஜாமியா என்று பெயர். 1907-ல் நவாப் இறந்தார். நிஜாம் அரசு ஆய்வகத்தை ஏற்றுக்கொண்டது. 1908-ல் ஆர்தர் சாட்வுட் இயக்குநராக வந்தார். ஆய்வகம் பேகம்பேட்டைக்கு இடம் பெயர்ந்தது. படம் பிடிக்கும் வேலைக்கு 8 அங்குல குக் கருவி. சாட்வுட்டுக்குப் பின் போகாக், அவருக்குப் பின் டி.பி. பாஸ்கரன் என்று வேலை தொடர்ந்தது. பாஸ்கரன்தான் முதல் இந்திய இயக்குநர். 1918 முதல் 1944 வரை இருந்தார். தெற்குப் பட்டை முடிந்ததும், ஜெர்மனியின் பாட்ஸ்டாம் முடிக்காமல் விட்ட வடக்குப் பட்டையில் 36 முதல் 39 பாகை வரையும் ஹைதராபாத் எடுத்துக்கொண்டது. மொத்தம் 12 தொகுதிகள், ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள். எல்லாம் கையால் அளந்தது. இந்திய வானியல் வரலாற்றைப் பேசுகிறவர்கள் கொடைக்கானல் ஆய்வகத்தைப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தத் தெற்குப் பட்டைக்குள் விண்மீன்களோடு வேறு சிலவும் இருந்தன. காகம் என்ற விண்மீன் கூட்டத்தின் எல்லையில், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் 'ஆன்டென்னா' கேலக்ஸிகள். திமிங்கலக் கூட்டத்தில் என்ஜிசி 247. 1910-களில் இவற்றை 'நெபுலா' என்று எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். அவை நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனிக் கேலக்ஸிகள் என்பது 1925-ல் எட்வின் ஹபிளின் முடிவுகள் வெளிவந்த பிறகே தெளிவானது. வடக்குப் பட்டையில் ஹைதராபாத்துக்குச் சின்ன ஏமாற்றம் உண்டு. வடக்கே 41 பாகையில் இருக்கும் ஆண்ட்ரமீடா, 39-ல் முடியும் பட்டைக்கு இரண்டே பாகை தள்ளி நின்றுவிட்டது.

பேகம்பேட்டையை இன்று தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புராணம் போல இருக்கும். அமீர்பேட்டை ஒரு பக்கம், பழைய விமான நிலையம் ஒரு பக்கம், தலைக்கு மேல் மெட்ரோ. அந்த ஆய்வக வளாகத்தில் இப்போது பொருளாதார சமூக ஆய்வு மையம் இயங்குகிறது. 1919-லேயே நிஜாமியாவை ஏற்றுக்கொண்ட உஸ்மானியா பல்கலைக்கழகம், 1960-களில் நகரத்து வெளிச்சத்தைத் தாள முடியாமல் 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை ஜாபால், ரங்காபூர் கிராமங்களின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. வெளிச்சத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய முதல் ஹைதராபாத்வாசிகள் வானியலாளர்கள்தான்.

இந்த நிஜாமியாவில் உதவியாளராக இருந்த ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர், நிஜாம் கல்லூரி மாணவர். உபகரணம் என்று பெரிதாக எதுவும் இல்லாத வயதிலேயே மாறொளி விண்மீன்களைக் கவனிக்கத் தொடங்கியவர். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போய், 1949-ல் பாப்பு-போக்-நியூகிர்க் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, கொடைக்கானலை விட நல்ல இருட்டும் தெளிவும் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அங்கிருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். ஆய்வகத்தால் மலைக்குப் போக முடியும். ஹைதராபாத் புறநகரில், மியாப்பூரிலோ கொம்பள்ளியிலோ உப்பலிலோ அபார்ட்மென்ட் வாங்கி இருபது வருஷக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவரால் ராத்திரிக்கு ராத்திரி அனந்தகிரி மலைக்கு வண்டி ஓட்ட முடியாது. அவருக்கு மொட்டைமாடிதான். கையில் ஒரு 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து எந்தக் கேலக்ஸி தெரியும், எது தெரியாது?

பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது தெரியாது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அது தப்பு. முக்கோணக் கூட்டத்தில் உள்ள எம் 33 நமக்கு 27 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கேலக்ஸிகளில் பக்கத்து வீடு. மியாப்பூர் மாடியிலிருந்து அதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவேன். கன்னிக் கூட்டத்தில் உள்ள 3சி 273 என்பது 240 கோடி ஒளியாண்டு. கிட்டத்தட்ட 900 மடங்கு தூரம். அதே மாடி, அதே தொலைநோக்கி, அது தெரியும்.

எம் 33-இன் மொத்த வெளிச்சம் மேக்னிட்யூட் 5.7. இந்தக் கணக்கில் எண் கூடினால் மங்கல். ஐந்து எண் கூடினால் நூறு மடங்கு மங்கல், ஒரு எண்ணுக்குச் சுமார் இரண்டரை மடங்கு. பெருங்கரடிக் கூட்டத்தில் உள்ள எம் 82-க்கு 8.4. அதாவது எம் 33 மொத்தத்தில் 12 மடங்கு பிரகாசம். ஆனால் அந்த வெளிச்சம் மூன்று முழுநிலாக்கள் கொள்ளும் பரப்பில் பரந்து கிடக்கிறது. எம் 82-இன் வெளிச்சமோ நிலாவின் பரப்பில் இருபதில் ஒரு பங்குக்குள் அடக்கம். ஒரு கரண்டி தயிரை டம்ளர் தண்ணீரில் கலந்தால் மோர். அண்டாத் தண்ணீரில் கலந்தால் தண்ணீர்தான். வானத்தில் எம் 33 அந்த அண்டா.

இருட்டான கிராமத்தில் அண்டாவும் தெரியும், ஏனென்றால் பின்னணி கறுப்பு. பின்னணியையும் அதே மேக்னிட்யூட் கணக்கில் அளக்கலாம்: வானத்தில் ஒரு சதுர ஆர்க்செகண்ட் பரப்பிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று. மனிதர் விளக்கே இல்லாத வானம் 22-ஐ ஒட்டி இருக்கும். நல்ல கிராமத்து வானம் 21.5. புறநகர் என்றால் 18.5 என்று வைத்துக்கொள்ளலாம். 21.5-க்கும் 18.5-க்கும் மூன்று எண்தான் வித்தியாசம், ஆனால் அது 16 மடங்கு வெளிச்சம். எம் 33-இன் சராசரிப் பரப்பொளி 23-ஐத் தொடும். ஆகவே கிராமத்தில் அது தன் பின்னணி வெளிச்சத்தோடு மேலும் கால் பங்கைச் சேர்க்கிறது; கண் பிடித்துக்கொள்கிறது. புறநகரிலோ நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் சேர்க்கிறது. எம் 82 அதே புறநகரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு சேர்க்கிறது, அதுவும் சராசரியில். நடுப்பகுதி இன்னும் தூக்கல்.

அப்படியானால் பெரிய தொலைநோக்கி வாங்கினால் எம் 33 பளிச்சென்று தெரியுமா? இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பரந்து கிடக்கும் ஒரு பொருளின் பரப்பொளியை எந்தத் தொலைநோக்கியாலும் கூட்ட முடியாது. பெரிய கண்ணாடி அதிக ஒளியைத் திரட்டுவது நிஜம். ஆனால் அதே கண்ணாடி பொருளைப் பெரிதாக்கியும் காட்டுகிறது, திரட்டிய ஒளி அந்தப் பெரிய பரப்பில் பரவிவிடுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற பரப்பொளியே உச்சம். தொலைநோக்கி அதற்குச் சமமாகவோ குறைவாகவோதான் காட்டும். வானத்தின் வெளிச்சமும் அதே கதிதான். கேலக்ஸியும் அதன் பின்னணியும் சேர்ந்தே மங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறுவதே இல்லை.

பிறகு தொலைநோக்கி எதற்கு? இதற்கான பதில் வானியலிலிருந்து வரவில்லை, ஒரு போர்க்கால ஆய்விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளாக்வெல்லின் குழு, மங்கலான வட்டங்களைத் திரையில் காட்டி, எவ்வளவு வேறுபாடு இருந்தால் கண் கண்டுபிடிக்கிறது என்று சோதித்தது. பார்த்தவர்கள் பத்தொன்பது இளம் பெண்கள். பதிவான விடைகள் இருபது லட்சத்துக்கும் மேல். 1946-ல் வெளியான அந்த முடிவுகளில் நமக்கு வேண்டியது ஒன்று: வட்டம் பெரிதாக ஆக, குறைந்த வேறுபாட்டையும் கண் கண்டுகொள்கிறது. இருட்டில் வேலை செய்யும் விழித்திரை, தனித்தனிச் செல்களாக இல்லாமல் கூட்டாக ஒளியைக் கூட்டிப் பார்ப்பதால் இது நடக்கிறது. ரோஜர் கிளார்க் 1990-ல் எழுதிய நூலில் இந்தப் பழைய அளவுகளைத் தொலைநோக்கிக்குப் பொருத்திக் காட்டினார். அதுவரை 'மங்கலான பொருளுக்குக் குறைந்த உருப்பெருக்கம்' என்பதே வேதவாக்கு. புறநகருக்கு அது பொருந்தாது. எம் 82 போன்ற சின்னப் பொருளை 50 மடங்கில் பார்த்தால் நரைத்த வானத்தில் ஒரு கீறல். 150 மடங்குக்குப் போனால் வானமும் கீறலும் சேர்ந்து மங்கும், ஆனால் கீறல் பெரிதாகிவிடும், அதில் குறுக்கே ஓடும் கறுப்புத் தழும்புகூடக் கண்ணில் படும். எம் 33-க்கு இந்த வித்தை பலிக்காது. அது ஏற்கெனவே பெரியது. பெரிதாக்கினால் ஐபீஸின் வட்டத்துக்கு வெளியே போய்விடும், ஒப்பிட்டுப் பார்க்க வெற்று வானமே மிஞ்சாது.

1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள வழக்கமான 8 அங்குல டாப்சோனியனுக்கு 12 மில்லிமீட்டர் ஐபீஸ் 100 மடங்கும், 8 மில்லிமீட்டர் ஐபீஸ் 150 மடங்கும் தரும். கேலக்ஸிகளுக்கு இந்த இரண்டும் போதும். விற்கிறவர்கள் கூடவே தரும் 4 மில்லிமீட்டரை எடுத்து வைத்துவிடலாம்.

மாடியில் செய்ய வேண்டியவை சில. வானம் முழுக்க எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும், நேராகக் கண்ணில் அடிக்கிற விளக்குதான் முதல் எதிரி. எதிர் பிளாக்கின் படிக்கட்டு விளக்கு, பக்கத்து கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு. இவற்றை அணைக்கச் சொல்லி அசோசியேஷனில் மனு கொடுத்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. தண்ணீர் டேங்கின் நிழலில் நின்று, தலையோடு சேர்த்து ஐபீஸை ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொள்வது வேலைக்கு ஆகும். பார்க்கிறவர்கள் பழைய கால ஸ்டூடியோக்காரர் என்று நினைத்தால் நினைக்கட்டும். துணிக்குள் அரை மணி நேரம் போனால் இருட்டில் பார்க்க உதவும் விழித்திரை நிறமியான ரோடாப்சின் மீண்டும் ஊறிவிடும். ஒரு தடவை போனைப் பார்த்தால் போச்சு.

பார்க்கும் விதமும் உண்டு. கண்ணின் நடுவில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள். இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் நடுவிலிருந்து 15 முதல் 20 பாகை தள்ளி அடர்த்தியாக இருக்கின்றன. எனவே கேலக்ஸியை நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் விலகிக் கடைக்கண்ணால் பார்த்தால் வரும். குழாயை விரலால் லேசாகத் தட்டுவது இன்னொரு பழக்கம். அசையாத மங்கலைக் கவனிக்காத கண், அதே மங்கல் அசைந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஃபில்டர் விஷயத்தில் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: கேலக்ஸிக்கு வாங்காதீர்கள். நெபுலாவின் வாயு குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்வதால், அவற்றை விட்டுவிட்டு மற்றதை வடிகட்டலாம். கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டு வெளிச்சம். எல்லா நிறமும் அதில் உண்டு. தெருவிளக்கு சோடியமாக இருந்தவரை மஞ்சளை மட்டும் வெட்டி ஓரளவு தப்பிக்க வழி இருந்தது. 2010-களின் பிற்பகுதியில் ஹைதராபாத்தின் தெருக்கள் எல்இடிக்கு மாறின. வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் நீலம் கணிசம். காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடிக்கும் அளவு மிக அதிகம். 450 நானோமீட்டர் நீலம், 590 நானோமீட்டர் சோடிய மஞ்சளைவிடச் சுமார் மூன்று மடங்கு சிதறும். இருட்டுப் பழகிய கண்ணின் கூர்மையும் நீலப்பச்சையில்தான் உச்சம். மின்சாரக் கட்டணம் குறைந்தது நல்லதுதான். எல்இடியை மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பவும் முடியும், நள்ளிரவுக்கு மேல் மங்கச் செய்யவும் முடியும். மங்கச் செய்வது சோடிய விளக்கில் இவ்வளவு எளிதில்லை. எந்த ஊரில் செய்கிறார்கள்?

வெளிச்சத்தில் இழந்ததில் கொஞ்சத்தை ஹைதராபாத்தின் அட்சரேகை திருப்பிக் கொடுக்கிறது. நகரம் வடக்கே 17.4 பாகையில் இருக்கிறது. கேலக்ஸிகள் நெருக்கியடித்து நிற்கும் கன்னிக் கொத்தின் மையம் வானத்தில் வடக்கே 12, 13 பாகையில். அப்படியென்றால் ஏப்ரல் கடைசியில், இரவு பத்து மணியளவில், அந்தக் கொத்து ஹைதராபாத்தின் உச்சிக்கு ஐந்து பாகைக்குள் வந்து நிற்கும். லண்டன்காரர் அதே எம் 87-ஐ 51 பாகை உயரத்துக்கு மேல் பார்க்கவே முடியாது. புறநகரில் இது சாதாரண விஷயம் இல்லை. அடிவானத்தில் நகரத்தின் வெளிச்சக் குடை. தலைக்கு மேல்தான் வானம் ஓரளவு கறுப்பு. காற்றின் தடிமனும் அங்கேதான் மிகக் குறைவு. சென்னைக்காரர்களுக்கு இன்னும் யோகம். அவர்களுக்குக் கன்னிக் கொத்து கிட்டத்தட்ட நேர் உச்சி.

இதில் ஒரு வேடிக்கை. டாப்சோனியன் நேர் உச்சியைப் பார்க்கும்போதுதான் சண்டித்தனம் செய்யும். குழாய் செங்குத்தாக நிற்க, பக்கவாட்டில் திருப்பப் பிடிமானமே கிடைக்காது. ஆகவே உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்ப்பது உத்தமம். எம் 84, எம் 86 என்ற ஜோடியைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் நீள்வட்ட வகை, ஒளி நடுவில் திரண்டவை. புறநகர் வானத்துக்கென்றே செய்தது போல இருக்கும். 100 மடங்கில் பஞ்சு ஒட்டிய இரு விண்மீன்கள் மாதிரி தெரியும். அங்கிருந்து சற்றே தென்கிழக்கில் எம் 87. 5.4 கோடி ஒளியாண்டு தூரம். 2019 ஏப்ரல் 10 அன்று படம் வெளியாகி, உலகம் முழுக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்த கருந்துளை இதன் நடுவில் இருப்பதே. ஐபீஸில் தெரிவது ஒரு சாம்பல் உருண்டை. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்க்குத்தான் அது சுவாரஸ்யம்; தெரியாத விருந்தாளிக்குக் காட்டி அவமானப்பட வேண்டாம். விருந்தாளிக்கு எம் 104. தொப்பி போன்ற கேலக்ஸி, 61 பாகை உயரம் வரை வரும், நடு முடிச்சும் இருபக்க நீட்சியும் நிதானித்தால் தெரிந்துவிடும்.

மற்ற மாதங்களை வேகமாகச் சொல்லலாம். மார்ச்சில் வடக்கே 38 பாகை உயரத்தில் எம் 81, எம் 82. வடக்கே நகரம் இல்லாத மாடியாக இருந்தால் அதிர்ஷ்டம். மே மாதத்தில் தெற்கே 30 பாகைக்குச் சற்றுக் கீழே சென்டாரஸ் ஏ. வட ஐரோப்பியர்கள் கனவு மட்டும் காணக்கூடியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், தொலைநோக்கிக்குப் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே வானியல். அக்டோபர், நவம்பரில் மழை கழுவிய காற்று. வருஷத்திலேயே நல்ல வானம், தீபாவளிப் புகை மூன்று நாள் கெடுத்தாலும். ஆண்ட்ரமீடாவின் நடுப்பகுதி எளிது, அதன் துணையான எம் 32-உம் எளிது, ஏனென்றால் அது சின்னது, திரண்டது. தெற்கே என்ஜிசி 253. 1783-ல் கரோலின் ஹெர்ஷல் கண்டது, ஹைதராபாத்தில் 47 பாகை உயரம் ஏறும். நீளமானது, ஆனாலும் கொஞ்சம் ஒளியடர்த்தி உண்டு. நல்ல இரவில் மாட்டும். நிஜாமியாவின் பட்டையில் இருந்த என்ஜிசி 247 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தேட வேண்டாம், அது எம் 33 ஜாதி. ஆன்டென்னா கேலக்ஸிகள் மட்டும் ஏப்ரலில் ஒரு மங்கலான திட்டாகக் கிடைக்கும். அந்தப் பெயருக்குக் காரணமான வால்கள் ஐபீஸில் கிடைக்காது.

கேமராவில் கிடைக்கும். கண் ஒளியைச் சேமிப்பதில்லை. ஒரு நொடிக்குள் வந்ததை வைத்தே முடிவு செய்கிறது. கேமரா மணிக்கணக்கில் சேமிக்கும், பிறகு கணினியில் வானத்தின் சராசரி வெளிச்சத்தைக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம், அதாவது இரைச்சல், மிஞ்சும். அது வெளிச்சத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். சேமித்த கேலக்ஸி ஒளியோ நேரத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். கணக்கிட்டால், 16 மடங்கு வெளிச்சமான வானத்தில் அதே தரத்துக்கு 16 மடங்கு நேரம் போதும். கிராமத்தில் பத்து நிமிடம் எடுத்த படத்துக்கு மியாப்பூரில் 160 நிமிடம். கண்ணுக்குச் சாத்தியமே இல்லாததைக் கேமரா பொறுமையால் வாங்கிவிடுகிறது. சின்ன ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இதைத் தாமாகவே செய்து போனுக்கு அனுப்பிவிடும். மாடியில் அதை வைத்துவிட்டு வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமை உண்டு.

நகரத்து வானம் ஆய்வுக்கு உதவாது என்பதும் முழு உண்மை இல்லை. 2014 ஜனவரி 21 அன்று லண்டனின் மில் ஹில் புறநகரில், ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆய்வகத்தில், ஸ்டீவ் ஃபோசி சில மாணவர்களுக்கு 35 சென்டிமீட்டர் தொலைநோக்கியை இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டே வந்தது. மூடுவதற்குள் காட்டிவிடலாம் என்று எம் 82-க்குத் திருப்பினார்கள். அங்கே முன்பு இல்லாத ஒரு புள்ளி. அது சூப்பர்நோவா, பிறகு 2014ஜே என்று பெயர் பெற்றது. 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் வெடித்த அது அடுத்த சில நாட்களில் மேக்னிட்யூட் 10.5 வரை ஏறியது. 4 அங்குலத் தொலைநோக்கிக்குக்கூட எட்டும் வெளிச்சம். எம் 82-இன் வடிவம் மாடியில் எவ்வளவு கலங்கலாகத் தெரிந்தாலும் சூப்பர்நோவா கலங்காது. அது புள்ளி.

புள்ளிக்கு விதியே வேறு. உருப்பெருக்கத்தை 100-லிருந்து 200-க்கு ஏற்றினால் வானத்தின் வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் விரிந்து மங்குகிறது. விண்மீனின் பிம்பம் அத்தனை சின்னது என்பதால் விரிவதே இல்லை. பின்னணி இருள, புள்ளி அப்படியே நிற்கிறது. வேறுபாட்டை நாமே கூட்டிக்கொள்ளலாம். பரந்த பொருளுக்குக் கிடைக்காத சலுகை இது. பெரிய கண்ணாடிக்கு நகரத்திலும் மதிப்பு இருப்பது இதனால்தான். அது திரட்டும் ஒளியெல்லாம் புள்ளிக்குள்ளேயே போகிறது.

3சி 273 புள்ளி. கேம்பிரிட்ஜின் மூன்றாவது வானொலிப் பட்டியலில் 273-ஆவது. வானொலி அலைகளை வீசும் அந்த இடத்தில் எந்தப் பொருள் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல 1962-ல் வழி கிடைத்தது. நிலா அதை மறைத்து விலகும் நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டின் குழு அளந்தது. நிலாவின் விளிம்பு வானத்தில் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி தெரியும் என்பதால், மறைந்த கணமே முகவரி. ஊட்டியில் கோவிந்த் ஸ்வரூப் 1970-ல் இயங்க வைத்த 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியும் இந்த நிலா மறைப்பு வித்தைக்காகவே வடிவமைத்தது. மலைச் சரிவை அட்சரேகைக்குச் சமமான சாய்வில் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டினார்கள்.

முகவரியில் இருந்தது ஒரு சாதாரண விண்மீன் போன்ற ஒன்று. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட், பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த அதன் நிறமாலையில், ஹைட்ரஜனின் கோடுகள் நூற்றுக்குப் பதினாறு அளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டார். அவ்வளவு நகர்ச்சி என்றால் அவ்வளவு தூரம். அவ்வளவு தூரத்திலிருந்தும் இவ்வளவு வெளிச்சம் என்றால் அது விண்மீன் இல்லை. ஒரு கேலக்ஸியின் நடுவில், ராட்சதக் கருந்துளையைச் சுற்றி விழும் வாயு கொதித்து எரியும் வெளிச்சம். குவாசார். சுற்றியிருக்கும் கேலக்ஸி அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடுகிறது. மொத்தமும் ஒரு புள்ளியாக வந்து சேர்கிறது.

மேக்னிட்யூட் 12.8-ஐ ஒட்டி இருக்கும். மாடியில் 8 அங்குலத்தில் 200 மடங்கு வைத்து, கடைக்கண்ணும் பொறுமையும் இருந்தால் வரும். 10 அங்குலத்தில் சிரமம் குறைவு. கன்னிக் கூட்டத்தின் ஈட்டா, காமா விண்மீன்களுக்குச் சற்று வடக்கே, விரிவான வரைபடத்தின் துணையோடு விண்மீனுக்கு விண்மீன் தாவிப் போக வேண்டும். உயரம் 75 பாகை, மே மாதம் வசதி. கண்டுபிடித்ததும் எதுவும் நடக்காது. பக்கத்தில் இருக்கும் விண்மீன்களுக்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஹார்வர்டு ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தகடுகளைத் தேடிப் பார்த்தபோது, 1880-களிலிருந்தே அது படத்தில் விழுந்துகொண்டிருந்தது தெரிந்தது. இன்னதென்று தெரியாமலே முக்கால் நூற்றாண்டு எடுத்த படங்கள்.

அந்தத் தகடுகள் இன்னொன்றையும் காட்டின: அதன் வெளிச்சம் நிலையாக இல்லை, ஏறி இறங்குகிறது. இன்றும் அப்படித்தான். பக்கத்து விண்மீன்களின் மேக்னிட்யூட் குறித்த ஒப்பீட்டு வரைபடத்தை 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் தருகிறது. எந்த இரு விண்மீன்களுக்கு இடையில் இன்றைக்கு 3சி 273 நிற்கிறது என்று பார்த்து, பத்தில் ஒரு எண் துல்லியத்துக்கு மதிப்பிட்டு, தேதி நேரத்தோடு அனுப்பினால் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். மியாப்பூரிலிருந்து அனுப்பினாலும் சரிதான். படிவத்தில் வானம் வெளிச்சமாக இருந்தது என்று குறிக்கவும் வழி உண்டு.